மூடக்கூடாத டிக்கெட்: பாயான் லெப்பாஸ் இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லிட்டில் இந்தியா,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஃபர்ம்வேர், கர்னல், வேலிடேஷன் பிரிவுகளில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வெள்ளிக்கிழமை மாலைகளில் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்கு வந்துவிட்டு, மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் தே தாரிக் குடிக்க நீங்கள் உட்காரும்போது உங்கள் பேச்சு பக்கத்து மேசைவரை கேட்கும். அதில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: “பூட் ஆகும்போது எப்பவாவது ஹேங் ஆகுது. ரீஸ்டார்ட் பண்ணினா ஓடிடுது. ரீப்ரொட்யூஸ் ஆகலன்னு போட்டு டிக்கெட்ட மூடியாச்சு.” இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. மேலே இருப்பவர் நெருக்கியிருப்பார். அடுத்த பில்டு காத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் அது மூடக்கூடாத டிக்கெட். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். உங்கள் வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன்.

பவர் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் முதல் எழுத்து வருவதற்கும் நடுவே கணினியின் நினைவகம் பல கை மாறுகிறது. முதலில் விழிப்பது ஃபர்ம்வேர். ரேம் சில்லுகளைத் தயார் செய்வதும் தனக்கு வேண்டிய இடங்களை எடுத்துக்கொள்வதும் அதன் வேலை. பிறகு ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. இந்த முகவரியிலிருந்து இதுவரை நீ எடுத்துக்கொள்ளலாம், இது என்னுடையது, தொடாதே, இதை நான் விலகிய பிறகு எடுத்துக்கொள் என்று அதில் இருக்கும். பழைய பயாஸில் அந்தப் பட்டியலுக்கு இ820 என்று பெயர். யூஇஎஃப்ஐ வந்தபின் மெமரி மேப். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் போர்டுகள் பலவற்றில் டிவைஸ் ட்ரீ. பூட்லோடர் அதை வாங்கிக் கர்னலிடம் சேர்க்கிறது. லினக்ஸ் கர்னல் அதை மெம்பிளாக் என்ற எளிய கணக்கில் ஏற்றி, அதை வைத்துத் தன் பேஜ் டேபிள்களைக் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் முழு அளவிலான ஒதுக்கீட்டு முறைக்கு வருகிறது. எல்லாம் நம்பிக்கையில் நடக்கிறது. பட்டியலில் தவறு இருந்தால் அந்த நேரத்தில் கர்னலால் கண்டுகொள்ள முடியாது.

அந்த நேரத்தில் நமக்கும் கண் இல்லை. கன்சோல் எழுந்திருக்காது. நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் காசன் தன் நிழல் நினைவகத்தை விரித்த பிறகுதான் வேலைக்கு வரும். வந்த பிறகும் கர்னலின் சொந்த நிரல் செய்யும் தவறைத்தான் அது பார்க்கும். ஃபர்ம்வேரோ ஏதோ ஒரு கார்டோ நேரடியாக ரேமில் எழுதினால் அதற்குத் தெரியாது. கெட்டுப்போன பைட் ஓரிடத்தில் அமைதியாகக் கிடக்கும். சில விநாடியோ சில மணி நேரமோ கழித்து அதைப் படிக்கும் நிரல் விழும். லாகில் பதிவாவது விழுந்தவரின் பெயர்தான். எழுதியவரின் பெயர் அதில் இராது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி, 2011, 2012 ஆண்டுகளில் வெளிவந்த ஆப்பிள் மேக் கணினிகள். டிஸ்க் பழுதானால் இணையத்திலிருந்தே இயங்குதளத்தை இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவற்றின் ஃபர்ம்வேருக்குள் முழு நெட்வொர்க் மென்பொருளும் இருந்தது. அதற்காக ஒவ்வொரு பூட்டிலும் பிராட்காம் 4331 என்ற வயர்லெஸ் கார்டை ஃபர்ம்வேர் எழுப்பிவிடும். பிரச்சினை அதற்குப் பிறகு. கர்னல் “இனி பூட் சேவைகள் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று முறைப்படி கையெழுத்துப் போட்டு நினைவகத்தை வாங்கிய பிறகும் அந்தக் கார்டு நிறுத்தப்படவில்லை. போன ஷிப்ட்காரர் மெஷினை ஓடவிட்டபடியே வீட்டுக்குப் போய்விட்டார். வந்த ஷிப்ட்காரரின் தட்டில் பழைய ஆர்டரின் சாமான் விழுந்துகொண்டே இருக்கிறது. காற்றில் வரும் வைஃபை பாக்கெட்டுகளை அந்தக் கார்டு வாங்கி, ஃபர்ம்வேர் முன்பு சொல்லிவைத்த முகவரியில் எழுதிக்கொண்டே இருந்தது. அந்த முகவரி இப்போது கர்னலுக்குச் சொந்தம்.

மேத்யூ காரெட் என்ற லினக்ஸ் உருவாக்குநர் 2012-ல் இதைத் துருவிப் பார்த்தார். பாக்கெட்டுகள் போய் விழும் இடம், பூட் சேவைகளின் தரவுக்கென்று மெமரி மேப்பில் குறிக்கப்பட்ட பகுதி என்று கண்டார். “நான் விலகிய பிறகு எடுத்துக்கொள்” வகை நினைவகம் அது. லினக்ஸ் அதை முறைப்படி விடுவித்துப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுக்கிறது. எனவே கர்னல் செய்தது முழுக்கச் சரி. வயர்லெஸ் டிரைவர் ஏறி அந்தக் கார்டைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கும்வரை நினைவகம் கெட்டுக்கொண்டே இருக்கும். டிரைவரே இல்லாத கணினியில் அது நிற்கவே நிற்காது. இதன் ஆபத்தையும் யோசித்துப் பாருங்கள். அருகில் இருக்கும் எவரும் காற்று வழியாக அனுப்பும் பைட்டுகள் கர்னல் நினைவகத்தில் போய் உட்கார முடியும் என்றால், அது வெறும் ஹேங் பிரச்சினையோடு முடிவதில்லை. அந்நியர் அனுப்பும் நிரல் உங்கள் கணினியில் ஓடுவதற்கான வாசல் அது.

2016-ல் லூகாஸ் வுன்னர் கர்னலுக்குள்ளேயே இதற்குத் தீர்வு எழுதினார். அந்தத் தீர்வில் கவனிக்க வேண்டியது நேரம். இப்படிப்பட்ட பிசிஐ கார்டு கோளாறுகளுக்கு வழக்கமாகப் போடும் திருத்தங்கள் பூட்டில் சற்றுத் தள்ளித்தான் ஓடும். அதற்குள் அந்த நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடும். நடுவே ஒரு இடைவெளி திறந்திருக்கும். அந்த இடைவெளியில் நடந்த கிராஷ்களை உண்மையிலேயே ஒருவர் கண்டு சொல்லியிருந்தார். அதனால் வுன்னர் கார்டை ரீசெட் செய்யும் வரிகளை மிக ஆரம்பத்திலேயே ஓடும்படி வைத்தார். ரீசெட் செய்வது ஒரு பிட் எழுதும் வேலைதான். ஆனால் கண்டுபிடித்ததற்கும் சரியான நேரத்தில் அதை எழுதியதற்கும் நடுவே நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன. எப்பவோ வந்த ஹேங்கை யாரோ ஒருவர் மூடாமல் வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

இன்னொன்று 2008-ல் நடந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நம் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரானது. அதே காலத்தில் லினக்ஸ் உருவாக்குநர்கள் ஒரு விநோதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் கணினி சஸ்பெண்டிலிருந்து எழுந்ததும் பேஜ் டேபிள் கெட்டிருக்கிறது. இன்னொருவரின் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் கெடுகிறது. கேபிளுக்கும் பேஜ் டேபிளுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டிலும் கெட்ட இடம் நினைவகத்தின் அடிமட்டத்தில், முதல் 64 கிலோபைட்டுக்குள் இருந்தது. சந்தேகம் பயாஸ் மீது போனது. இயங்குதளத்துக்குத் தெரியாமலே இடையில் விழித்து வேலை செய்யும் ஒரு நிலை ஃபர்ம்வேருக்கு உண்டு. அப்போது அது எங்கே எழுதுகிறது என்று கர்னலால் பார்க்க முடியாது.

ஹியூ டிக்கின்ஸும் ஜெரமி ஃபிட்ஷார்டிங்கும் எடுத்த வழி எனக்கு இன்றும் பிடித்த வழி. பார்க்க முடியாதவனைத் துரத்தாமல், அவன் நடக்கும் இடத்தில் மாவு தூவி வைத்தார்கள். அடிமட்ட நினைவகத்தில் கர்னலுக்குக் கட்டாயம் வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்து, பூஜ்யத்தால் நிரப்பினார்கள். அங்கே யாரும் எழுதக்கூடாது. பிறகு அவ்வப்போது போய்ப் பார்த்தார்கள். பூஜ்யம் அல்லாதது ஏதாவது தெரிந்தால் முகவரியோடும் மதிப்போடும் லாகில் போட்டார்கள். 2.6.28-ல் சேர்ந்த அந்தச் சோதனை இன்றும் கர்னலில் இருக்கிறது. இயக்கிவிட்டால், வேறு ஏதும் சொல்லாதபோது, 60 விநாடிக்கு ஒரு முறை முதல் 64 கிலோபைட்டைத் துழாவும்.

அதோடு முடியவில்லை. முதலில் குறிப்பிட்ட பயாஸ்களுக்கு மட்டும் அந்த 64 கிலோபைட்டை விலக்கினார்கள். 2010-ல் எல்லா பயாஸ்களுக்கும் விலக்கினார்கள். 2021-ல் மைக் ராப்போபோர்ட்டின் திருத்தம் வந்தது. எக்ஸ்86 கணினிகளில் முதல் ஒரு மெகாபைட் முழுவதையும் கர்னல் எப்போதும் ஒதுக்கியே வைக்கும். எந்த பயாஸ் எங்கே கை வைக்கும் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்ற முடிவுக்கு வர பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. ஜிகாபைட் கணக்கில் ரேம் விற்கும் காலத்தில் ஒரு மெகாபைட் பெரிய விலை அல்ல. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

அதே 2008 செப்டம்பரில் இன்னொரு கோளாறு வந்தது. கர்னல் 2.6.27-ன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களில் சிலருக்கு இன்டெல் 82566, 82567 வகை நெட்வொர்க் சில்லுகளின் நிரந்தர நினைவகமே அழிந்துபோனது. ரீஸ்டார்ட் செய்தாலும் கார்டு திரும்பவில்லை. முதல் சந்தேகம் அந்த நெட்வொர்க் டிரைவர் மீது, அடுத்தது கிராஃபிக்ஸ் மென்பொருள் மீது. இரண்டும் குற்றமற்றவை. காரணம் எஃப்டிரேஸ் என்ற, அப்போதுதான் வந்திருந்த கண்காணிப்புக் கருவி. பூட் ஆகும்போது ஓடும் செயல்கூறுகளின் முகவரிகளை அது குறித்துக்கொள்ளும். பிறகு வந்து அந்த முகவரிகளில் உள்ள கட்டளையை மாற்றும். ஆனால் தொடக்க வேலைக்கு மட்டும் தேவைப்படும் நிரலை, வேலை முடிந்ததும் கர்னல் விடுவித்துவிடுகிறது. காலியான முகவரி நெட்வொர்க் சில்லின் ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டது. எஃப்டிரேஸ் தன் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு அங்கே போனது. அது கவனமாகத்தான் போனது. ஒப்பிட்டுப் பார், பொருந்தினால் மட்டும் மாற்று என்ற கட்டளையைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அந்தக் கட்டளை பொருந்தாதபோதும் பழைய மதிப்பைத் திரும்ப எழுதும் இயல்புடையது. சாதாரண ரேமில் அதனால் ஒன்றும் ஆகாது. ஃபிளாஷ் சில்லுக்கோ எழுதுவதே ஒரு ஆணை.

2008 அக்டோபரில் வெளியான 2.6.27.1, எஃப்டிரேஸின் இந்தக் கட்டளை மாற்றும் வசதியை அணைத்தது. ஃபிளாஷைத் தற்செயலாக அழிக்க முடியாதபடி இன்டெல் பொறியாளர்கள் டிரைவரிலும் பூட்டுப் போட்டார்கள். எஃப்டிரேஸை எழுதிய ஸ்டீவன் ரோஸ்டெட் பின்னாளில் மேடைகளில் இதைத் தன் நிரலின் கதையாகவே சொல்லியிருக்கிறார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது. இந்த முகவரி இதற்கு முன் யாருடையது, எப்போது கைமாறியது, கைமாறியது பழைய உரிமையாளருக்குத் தெரியுமா? கெட்ட இடத்தைப் பார்த்ததும் உங்கள் மனம் கேட்க வேண்டியது இது. நம் பிள்ளைகள் பலர் கேட்பது வேறு: எந்த கமிட்டில் இது தொடங்கியது? உடனே பைசெக்ட் போடுகிறார்கள். மற்ற பக்குகளுக்கு அது அருமையான வழி. நினைவகச் சேதத்தில் அதை நம்பி யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு கமிட் கர்னலின் அளவைச் சில பைட் மாற்றினாலே உள்ளே எல்லாம் இடம் நகரும். நேற்றுவரை யாரும் பயன்படுத்தாத இடத்தில் விழுந்துகொண்டிருந்த குப்பை இன்று பேஜ் டேபிள் மேல் விழும். பைசெக்ட் காட்டுவது அந்த இடமாற்றத்தைச் செய்தவரை. சேதத்தைச் செய்தவர் ஆண்டுக்கணக்காக அதைச் செய்துகொண்டே இருந்திருக்கலாம்.

ஆகவே முதலில் கையில் எடுக்க வேண்டியது பூட் லாகின் தொடக்கப் பகுதி. மெமரி மேப் அச்சாகும் அந்த வரிகளைப் பலர் வெட்டிவிட்டு, கிராஷ் வந்த கடைசி இருபது வரிகளை மட்டும் டிக்கெட்டில் ஒட்டுகிறார்கள். வழக்கே அந்த வெட்டிய பகுதியில்தான் இருக்கிறது. சீரியல் கேபிளைப் போட்டு எர்லிகானை இயக்குங்கள். மெம்பிளாக் டிபக்கை இயக்கினால் யார் எந்த இடத்தை எப்போது ஒதுக்கினார்கள் என்று வரிசையாக வரும். முகவரிகளைக் குலுக்கும் கேஏஎஸ்எல்ஆரை அணைத்துவிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் அதே இடம் கெடுகிறதா என்று ஒப்பிட முடியும். ஒரே இடம் என்றால் ஃபர்ம்வேரையோ நிறுத்தாமல் விட்ட கார்டையோ சந்தேகியுங்கள். மெம்மேப் அளவுருவால் அந்தப் பகுதியைக் கர்னலிடமிருந்து மறைத்துப் பாருங்கள். ஹேங் நின்றுவிட்டால் பாதி வழி வந்துவிட்டீர்கள். ரேம் சில்லே பழுதா என்ற ஐயம் இருந்தால் கர்னலிலேயே மெம்டெஸ்ட் இருக்கிறது. அதை ஓட்டாமல் “ஹார்ட்வேர் கோளாறு” என்று எழுதாதீர்கள்.

அப்புறம், கெட்டுப்போன பைட்டுகளைப் படியுங்கள். இதை ஏனோ யாரும் செய்வதில்லை. 6பி, 6பி என்று தொடர்ந்தால், ஸ்லாப் விஷம் இயக்கத்தில் இருக்கும் கர்னலில், விடுவித்த நினைவகத்தை யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். படிக்கக்கூடிய எழுத்துகள் இருந்தால் அது யாருடைய வாசகம் என்று பாருங்கள். எட்டெட்டு பைட்டாக, கர்னல் முகவரி போலத் தெரிந்தால் அந்த முகவரி எதைச் சுட்டுகிறது என்று சிம்பல் பட்டியலில் தேடுங்கள். நெட்வொர்க் பாக்கெட்டின் தலைப்பு தெரிந்தால் மேக் கணினிகளின் கதை உங்கள் போர்டிலும் நடக்கிறது. எழுதியவர் கையெழுத்தை விட்டுவிட்டுத்தான் போகிறார்.

க்யூஎம்யூவில் அதே கோளாறு வந்தால் ஜிடிபியில் அந்த முகவரிக்குக் காவல் வைத்துக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். பெரும்பாலும் வராது, ஏனெனில் உண்மையான ஃபர்ம்வேர் அங்கே இல்லை. அப்போது ஜேடேக் கேட்டு வாங்குங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

இதெல்லாம் எங்கோ நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். ஆல்டெராவின் நியோஸ் டூ கட்டமைப்பு 2015 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.19-ல் சேர்ந்தபோது அதன் பராமரிப்பாளர், பினாங்கு ஆல்டெராவில் பணியாற்றிய டான் லே ஃபூன். ஸ்டார்ஃபைவ் நிறுவனத்துக்கும் நம் பினாங்கில் அலுவலகம் உண்டு. அதன் சியா ஜீ ஹெங் எழுதிய ஹைபர்னேஷன் வசதி 2023-ல் லினக்ஸ் 6.4 வழியாக ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்புக்கு வந்தது. அதே 6.4-ல் வேறொருவர் கர்னலின் நேர்முக மேப்பிங்கை மேம்படுத்தினார். அதனால் ஓப்பன்எஸ்பிஐ ஃபர்ம்வேர் உட்கார்ந்திருக்கும் நினைவகமும் மேப்பிங்குக்குள் வந்துவிட்டது. அந்த ஃபர்ம்வேரின் சில பதிப்புகள் அதை “மேப் செய்யாதே” என்று குறித்திருக்கவில்லை. நினைவகத்தை டிஸ்க்கில் சேமிக்கப் போன ஹைபர்னேஷன், வன்பொருள் காவல் போட்ட அந்த இடத்தைத் தொட்டு விழுந்தது. இரண்டு நல்ல திருத்தங்கள், இரண்டுமே தனித்தனியாகச் சரி. பட்டியலில் ஒரு குறிப்பு இல்லாததுதான் குறை. எல்லா போர்டுகளிலும் இது சரியாக ஓடும் என்று நம்ப வேண்டாம் என்று 6.4 வெளியாவதற்குள் கர்னலின் அமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். பொதுவில் பேசியதால் சில வாரங்களில் தெரிந்தது.

உங்கள் அலுவலகக் கூட்டங்களில் நடப்பது வேறு என்று எனக்குத் தெரியும். ஃபர்ம்வேர் தந்தவர் “எங்கள் பக்கம் சரி” என்பார். கர்னல் குழுவும் “எங்கள் பக்கம் சரி” என்பார்கள். இருவரும் பெரியவர்கள். நடுவில் இருக்கும் நீங்கள் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிராது. எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். ஆனால் இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் கைமாறும் இடத்தில் தவறு இருக்கலாம் என்பதை மேலே பார்த்தோம். யாரையும் குற்றம் சொல்லாமல் மெமரி மேப்பையும் கெட்ட முகவரியையும் மேசையில் வையுங்கள். “அண்ணே, இந்த இடம் உங்கள் பட்டியலில் காலி என்று இருக்கிறது, இதில் யாரோ எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்” என்று சொன்னால் அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்டெல் 1972-ல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் அசெம்ப்ளி ஆலையைத் திறந்தது நம் பாயான் லெப்பாஸில். இந்தத் தொழிற்பேட்டையின் முதல் தலைமுறை ஆபரேட்டர்களில் உங்கள் பாட்டிமார், பெரியம்மாமார் இருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க வலிக்க, மயிரிழைக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். சரியில்லாததைச் சரி என்று அனுப்பாததால்தான் இந்த ஊருக்கு அடுத்த வேலை வந்தது. வடிவமைப்பும் வேலிடேஷனும் உங்கள் மேசைக்கு வந்திருப்பது அந்தக் கண்களால். இந்த வேலை பினாங்கோடு முடிவதில்லை: 2018-ல் சென்னை ஐஐடியின் சக்தி சில்லில் லினக்ஸ் பூட் ஆனது. நீங்கள் இங்கே எழுதி வைக்கும் ஒரு தெளிவான குறிப்பு, அங்கே புதிய போர்டின் முன் விழி பிதுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு தங்கைக்கும் உதவும்.

கடைசியாக உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை ரீஸ்டார்ட்டில் சரியான ஒரு பூட் கோளாறு வந்தால், டிக்கெட்டை மூடும் முன் முழு பூட் லாகையும், மெமரி மேப்பையும், கெட்ட முகவரியையும், அங்கே இருந்த பைட்டுகளையும் அதில் இணையுங்கள். விடை கிடைக்காவிட்டால் திறந்தே இருக்கட்டும். நிறுவன விதிகள் இடம் கொடுக்கும்போது உங்கள் சொந்தப் பெயரில் லினக்ஸ் உருவாக்குநர்களுக்கும் எழுதுங்கள். எழுதும் முன் யாரிடமாவது தமிழில் பேசித் தெளிய வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வாருங்கள், லாகையும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
லிட்டில் இந்தியாவில் குடியிருக்கும், பணி ஓய்வு பெற்ற ஒரு வேலிடேஷன் பொறியாளர்